'நீங்களும் மெம்பர் ஆகுங்க தம்பி...' பொறியாளர் அமைப்பில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

மதிய சாப்பாட்டு நேரம். பக்கத்து சீட் சீனியர் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டுகிறார். "மெம்பர் ஆகிடுங்க தம்பி, பேருக்குப் பின்னாடி எம்.ஐ.இ.னு போட்டுக்கலாம்" என்கிறார். "சேர்ந்தா என்ன சார் யூஸ்?" என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் தெளிவான பதில் வருவதில்லை.

செப்டம்பர் 15, பொறியாளர் தினம் நெருங்கினால் இந்தப் பேச்சு இன்னும் கூடும். பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன? சக ஊழியர்களைச் சேரச் சொல்பவர்கள் எதைச் சொல்ல வேண்டும்? பார்க்கலாம்.

எந்த அமைப்பு இது?

எம்.ஐ.இ. பட்டத்தைத் தருவது இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம், சுருக்கமாக ஐ.இ.ஐ. 1920-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டது. 1935-ல் பிரிட்டிஷ் அரசின் சாசனம் கிடைத்தது. தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது. தமிழ்நாடு மாநில மையம் சென்னை சேப்பாக்கத்தில் இயங்குகிறது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் உட்பட 15 துறைகளைச் சேர்ந்தவர்கள் இதில் உறுப்பினர்கள்.

பி.இ. படித்தவர்களுக்கு மட்டும்தானா? இல்லை. டிப்ளமோ படித்தவர்களுக்கு டெக்னீஷியன், சீனியர் டெக்னீஷியன் என்ற நிலைகள் உண்டு. அதற்கு மேல் அசோசியேட் மெம்பர், மெம்பர், ஃபெல்லோ என்று படிப்பையும் அனுபவத்தையும் பொறுத்து ஏறிக்கொண்டே போகும்.

சேர்வது கட்டாயமா?

இந்தியாவில் கட்டாயம் இல்லை. இங்கேதான் மற்ற தொழில்களுக்கும் இன்ஜினியரிங்குக்கும் பெரிய வித்தியாசம்.

வழக்கறிஞர்களுக்கு 1961-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ம் ஆண்டு சட்டம், ஆடிட்டர்களுக்கு 1949-ம் ஆண்டு சட்டம். பதிவு இல்லாமல் அவர்கள் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. எல்லா இன்ஜினியர்களுக்கும் பொதுவாக அப்படி ஒரு மத்திய சட்டம் இல்லை. பல வரைவுகள் வந்தன. 2025-லும் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு கருத்து கேட்டார்கள்.

இதனால் என்ன ஆகிறது? பெரிய தவறு செய்த ஒரு டாக்டரின் பெயரை மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கினால், அவர் வைத்தியம் பார்க்க முடியாது. ஒரு இன்ஜினியரை அவருடைய அமைப்பு உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினால்? மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல சைட்டுக்குப் போகலாம்.

இது வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்லை. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு விபத்து நடந்தால் மக்கள் முதலில் கேட்பது, "டிசைனுக்கு யார் கையெழுத்து போட்டது?" என்றுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ன்படி, கட்டட வேலைக்குப் பொறுப்பேற்கும் இன்ஜினியர்களும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் இது கட்டட அனுமதி சார்ந்த பதிவு மட்டும்தான். தொழிற்சாலை, மென்பொருள், மின்சாதனத் துறைகளில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்களை இது தொடாது.

வெளிநாடுகளில் எப்படி?

மலேசியாவில் 1967-லேயே பொறியாளர் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இதற்கென்று அரசு வாரியமே இருக்கிறது. இலங்கையில் 2017-ல் பொறியியல் பேரவைச் சட்டம் நிறைவேறியது. சவுதி அரேபியாவில் இன்ஜினியர் விசாவில் இருப்பவர்கள் அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சுரீர் என்று உறைத்தது 2018-ல். இன்ஜினியர்களின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அந்நாடு சொன்னது. அந்தச் சங்கமோ, படித்த படிப்புக்கு இந்தியாவின் என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தது. என்.பி.ஏ. தொடங்கப்பட்டதே 1994-ல்தான். அதற்கு முன்பு படித்து, பல வருடமாக அங்கே வேலை பார்த்தவர்களும் சிக்கிக்கொண்டார்கள். இந்திய அரசு இதை குவைத்திடம் எழுப்ப வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை கவனிக்க வேண்டும். ஐ.இ.ஐ. உறுப்பினர் அட்டை அந்தச் சிக்கலைத் தீர்க்காது. 'மெம்பர் ஆனா கல்ஃப்ல வேலை ஈஸி' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ, அந்த நாட்டின் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ சேர்ந்தால் என்ன லாபம்?

* உறுப்பினர்கள் 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' சான்றுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். ஏற்றுமதிச் சலுகைத் திட்டத்தில் இறக்குமதி செய்த மெஷினை நிறுவியதற்கான சான்று, பழைய மெஷின்களின் மதிப்பீடு போன்றவற்றுக்கு இவர்களின் கையெழுத்து தேவைப்படுகிறது. சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இது உதவும்.

* வேறு கம்பெனியில், வேறு துறையில் இருக்கும் சீனியர்களின் பழக்கம் கிடைக்கும். ஒரு டிசைனில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

* உறுப்பினர்களுக்கு நடத்தை விதி உண்டு. "அவசரம், கையெழுத்து போடுங்க" என்று மேலே இருந்து அழுத்தம் வரும்போது, "எங்க விதிப்படி முடியாது சார்" என்று சொல்ல அது ஒரு பிடி. சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. ஆனால் அதே ஆபீஸில் இன்னும் பத்து பேர் அதே விதியை ஏற்றுக்கொண்டிருந்தால், மறுப்பவர் தனியாக நிற்க வேண்டியதில்லை. சக ஊழியர்களைச் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

என்ன கிடைக்காது?

* சம்பள உயர்வோ புரமோஷனோ தானாக வராது. உங்கள் நிறுவனம் இதைக் கணக்கில் எடுக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் முதலில் கேளுங்கள்.

* 'ஏ.எம்.ஐ.இ. பரீட்சை பாஸ் பண்ணா பி.இ. மாதிரி' என்ற பேச்சு இன்னமும் சுற்றுகிறது. 2013 மே 31 வரை அதில் பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு வேலைகளுக்கு அந்த அங்கீகாரம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது.

சக ஊழியரிடம் எப்படிச் சொல்வது?

பேருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் காட்டி ஆசை காட்டுவதைவிட, அவருடைய தேவையைக் கேட்பது நல்லது. ஃபேக்டரியில் இருக்கும் டிப்ளமோ ஊழியருக்கும், ஐந்து வருடத்தில் கன்சல்டன்சி தொடங்க நினைப்பவருக்கும் ஒரே பதில் இருக்காது. கட்டணம், மறைக்காமல் முழுசாகச் சொல்லுங்கள். ஒரு கருத்தரங்குக்கு கூட்டிட்டுப் போங்கள், பிடித்திருந்தால் அவரே சேருவார். படிவத்தில் அனுபவ விவரங்களை எழுத உதவுங்கள். பலர் தள்ளிப்போடுவது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று. உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் மேனேஜராக நீங்கள் படிவத்தை நீட்டினால், அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அங்கே கொஞ்சம் ஒதுங்கி நிற்பதே மரியாதை.

உங்களிடம் யாராவது படிவத்தை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். "எனக்கு எந்த நிலை கிடைக்கும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்? நீங்க சேர்ந்து இதுவரைக்கும் என்ன பயன்படுத்திக்கிட்டீங்க?" மூன்றாவது கேள்விக்கு அவர் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொன்னால், தாராளமாக யோசிக்கலாம்.