யாருக்குப் பாதுகாப்பு?

கிளிக்குச் சிறகு வெட்டுவதில் தவறில்லை என்று வாதிக்கிறவர்கள் எங்கள் விருத்தாசலத்தில் உண்டு. நகம் வெட்டுவது போலத்தானாம், வலிக்காதாம். ஒரு கத்தரிக்கோல் இருந்தால் வீட்டிலேயே பத்திரமாகச் செய்துவிடலாமாம்.

இதில் பாதி உண்மை. முற்றிய இறகு, நகத்தைப் போல, வெட்டினால் வலிக்காது. ஆனால் முளைத்து வரும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடுகிறது. அதில் கத்தரி பட்டால் இரத்தம் கொட்டும். அதையும் கவனித்து ஒதுக்கி வெட்டினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நகம் வெட்டிய மனிதன் நடக்கிறான். சிறகு வெட்டிய கிளி பறக்கிறதா? பழைய நினைப்பில் எம்புகிறது, தரையில் விழுகிறது, நெஞ்செலும்பு அடிபடுகிறது. பூனை வந்தால் தப்ப வழியில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு!

மின்விசிறியில் அடிபடும், கொதிக்கிற எண்ணெயில் விழும் என்று காரணம் காட்டுகிறார்கள். விசிறியை நிறுத்த உங்களுக்குக் கை இல்லையா? அடுக்களைக் கதவைச் சாத்த முடியாதா? நம்முடைய சோம்பலுக்குக் கிளியின் சிறகா விலை? சட்டம் தடுக்காத லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்களையும் இதையேதான் கேட்கிறேன்.

பச்சைக்கிளியின் கதையோ வேறு. அதைப் பிடித்து அடைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் செய்த திருத்தத்தின்படி 3 ஆண்டுச் சிறையோ, 1 லட்ச ரூபாய் அபராதமோ, இரண்டுமோகூட விதிக்கலாம். 2024 ஏப்ரலில் எங்கள் கடலூர் மாவட்டத்துத் தென்னம்பாக்கத்தில், வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி சீட்டெடுத்து வெற்றி சொன்னது. செய்தி பரவியதும் வனத்துறையினர் வந்து ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைக் கைப்பற்றினார்கள். தேர்தலில் வேட்பாளரும் தோற்றார்.

சட்டம் தன் கடமையைச் செய்தது, வரவேற்கிறேன். ஆனால் மரத்தடி ஜோசியர் கண்ணில் படுகிறார். மாடி வீட்டு வராந்தாவில் தொங்கும் கூண்டு ஏன் படவில்லை? ஜோசியருக்காவது அது வயிற்றுப்பாடு. நமக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்லவா?

இன்று மனம் மாறினாலும் கிளியை உடனே விட்டுவிட முடியாது. வெட்டிய இறகு வளராது. அதன் அடி உதிர்ந்து புதியது முளைக்கப் பல மாதம் ஆகும். ஆகவே, இரக்கத்தில் மொட்டை மாடியிலிருந்து வீசிவிடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

பறக்காத கிளிதான் வேண்டுமென்றால், பீங்கான் பொம்மைக்குப் பெயர் போன ஊர் இது. ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். அதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம்.