ஏழைப் பிள்ளையிடம் மட்டும் கேட்கும் கணக்கு

அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது வீண் ஆடம்பரம் என்று கல்வியாளர் ஒருவர் எழுதிய கட்டுரை, புதுக்கோட்டை வட்டார ஆசிரியர்களிடையே பயபக்தியோடு கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆதனக்கோட்டை மாணவியின் நாசா பயணத்தையே அவர் தம் முதல் சான்றாக நிறுத்தியிருப்பதால், இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் வாய்மூடி இருப்பது முறையல்ல. அவருடைய வாதங்கள் நான்கு. நான்கும் ஒன்றன் காலை ஒன்று வாரிவிடுகின்றன என்பதைக் கவனிக்க அவருக்கு அவகாசம் இருந்திருக்காது, வாசகருக்கு இருக்கிறது.

முதல் வாதம்: இது கல்வியே அல்ல, காசுக்கு விற்கப்படும் சுற்றுலா. நாசா நம் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து அழைப்பதில்லை, இடையில் தனியார் நிறுவனங்கள்தான் இருக்கின்றன என்பது மெய். இணையத் தேர்வில் வென்ற பிறகும் அந்த மாணவி 1.69 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது என்பதும் மெய். இதிலிருந்து நேர்மையாகச் சிந்திக்கும் எவரும் எட்டக்கூடிய முடிவு என்ன? அரசே செலவேற்று அழைத்துப் போகட்டும் என்பதல்லவா? 2022இல் வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் பள்ளிக் கல்வித்துறை ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துச் சென்றதே, அதையாவது வரவேற்கிறாரா என்று தேடினால், இரண்டு பத்தி தள்ளி அதையும் வரிப்பண விரயம் என்று சாடிவைத்திருக்கிறார். தனியார் செய்தால் வியாபாரம், அரசு செய்தால் விரயம். காசுள்ள வீட்டுப் பிள்ளை அப்பன் பணத்தில் பறப்பதைப் பற்றி மட்டும் கட்டுரை நெடுக ஓர் ஆட்சேபமும் கிடையாது. அப்படியென்றால் அவரை உறுத்துவது பயணமா, பயணம் போகிறவரா?

இரண்டாவது வாதம்: ஊர் இருக்கும் நிலையில் முதலில் ஊருக்கு உழைக்கட்டும், பிறகு உலகத்தைப் பார்க்கட்டும். தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடந்தவர்களுக்குத் தெரியும், ஓரக் கொட்டகைகளிலிருந்து எழும் முந்திரிப் புகையும், வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பு சிதறாமல் எடுக்கும் பெண்களும், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து கறுத்த விரல்களும். அந்த முந்திரியை விற்றுக்கொண்டே படித்தவள் அந்த மாணவி. கேரம் பலகையில் கிடந்த செய்தித்தாளில் வேறொரு மாணவி நாசா போகும் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வே எழுதினாள். பலர் கைகொடுத்துப் பயணத்துக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அதன் பிறகும் உதவ முன்வந்த கிராமாலயா தொண்டு நிறுவனத்திடம் அவள் கேட்டது தன் ஊருக்குக் கழிப்பறை. கொரோனாவால் பயணம் தள்ளிப்போன நாட்களில் 126 வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்து காட்டுப்பக்கம் ஒதுங்கிய பெண்களுக்கு அது என்ன விடுதலை என்பதைக் கட்டுரையாளருக்கு யாராவது விளக்க வேண்டும். நாளேடுகளில் வந்த இந்தச் செய்தி அவருடைய கட்டுரையில் ஏன் இல்லை? தெரியாது என்றால், தெரியாத ஊரைப் பற்றித் தீர்ப்பெழுத உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தே விட்டிருந்தால், அதற்குப் பெயர் ஆய்வல்ல, மோசடி.

மூன்றாவது, வழக்கமான பண்பாட்டுப் புலம்பல்: வெளிநாட்டைப் பார்த்த பிள்ளைக்குச் சொந்த மண் கசந்துவிடுமாம், வேர் அறுந்துவிடுமாம். ராயவரத்திலும் கடியாபட்டியிலும் நிற்கும் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் எந்த வேரில் முளைத்தவை? கடல் தாண்டிப் பொருளீட்டியவர்கள் ஊர் திரும்பி எழுப்பிய அந்த வீடுகளைத்தான் இன்று நம் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறோம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி பிங்கை மணந்தார். கடைசிக் காலத்தை ஐரோப்பாவில் கழித்து 1928இல் பாரிஸில் மறைந்தார். வணிகரும் மன்னரும் தாண்டியபோது உடையாத பண்பாடு, முந்திரி விற்றவள் தாண்டினால் மட்டும் உடைந்துவிடும் என்றால், அது பண்பாட்டின் மீதுள்ள பற்றா, படிநிலையின் மீதுள்ள பற்றா?

நான்காவது வாதத்தைத்தான் அவர் துருப்புச் சீட்டாக நினைக்கிறார்: ஒருத்தி போய் வருவதால் சமூகத்துக்கு என்ன லாபம்? புதுக்கோட்டையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்க மிகுந்த துணிச்சல் வேண்டும், அல்லது மிகுந்த மறதி வேண்டும். 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது, தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் வகுப்பில் அமர்ந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று ஒழுக்கக் காவலர்கள் கொதித்தார்கள். எதிர்ப்பை மீறி அவரைச் சேர்க்கச் செய்தவர் அதே தொண்டைமான் மன்னர். 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, 1925இல் மேற்பயிற்சிக்கு லண்டன் போனார். எந்தப் பணத்தில்? அரசு உதவித்தொகையில், கட்டுரையாளர் நெஞ்சிலடித்துக்கொள்ளும் அதே பொதுப்பணத்தில். 1926இல் பாரிஸில் கூடிய சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களுக்காகப் பேசினார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்து, துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார்; அந்தப் போராட்டம் 1947இல் சட்டமானது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த அவர் லண்டனில் புற்றுநோய் மருத்துவமனையை நேரில் பார்த்தார். அவருடைய முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் நம் மாவட்டத்திலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் பேருந்து ஏறுகிற குடும்பத்திடம் போய், ஒருத்தி போய் வந்ததில் என்ன லாபம் என்று கட்டுரையாளர் கேட்டுப் பார்க்கட்டும்.

இவ்வளவும் எழுதியவர் கட்டுரையின் முடிவில், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது அங்குள்ள பொது நூலகங்களைக் கண்டு தம் கண் திறந்ததாகச் சொல்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகும் ஒரு பயணத்தால் திறக்கும் கண், பதினேழு வயதில் திறக்கக் கூடாதா? மகன் வீட்டுப் பயணத்துக்கு அவரிடம் யாராவது சேவைக் கணக்கு கேட்டார்களா? ஊருக்கு ஒரு கழிப்பறையாவது கட்டிவிட்டு ஏறுங்கள் என்று விமான நிலையத்தில் தடுத்தார்களா? வசதியுள்ளவருக்கு உலகம் உரிமை, இல்லாதவருக்கு அது உழைத்து ஈடுகட்ட வேண்டிய கடன். சொல்லக் கூச்சப்பட்டு அவர் நான்கு வாதங்களுக்குள் பொதிந்து வைத்தது இந்த ஒன்றைத்தான்.

தலைமையாசிரியர்களே, இந்தக் கட்டுரையை நம்பி ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையும் நிறுத்திவைக்காதீர்கள். தனியார் தேர்வு என்றால் கட்டணத்தை விசாரியுங்கள், அரசுத் திட்டம் என்றால் தேர்வுமுறையை விசாரியுங்கள், குறை இருந்தால் நடத்துகிறவர்களின் சட்டையைப் பிடியுங்கள். பிள்ளையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். முத்துலட்சுமியை வாசலிலேயே தடுக்கப் பார்த்தவர்களின் பெயர் இன்று இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை.