சின்ன காஞ்சிபுரத்து நாமச் சண்டை

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் உற்சவத்தில் பிரபந்தம் பாடுமுன் மணவாள மாமுனிகளை வாழ்த்துவதா, வேதாந்த தேசிகரை வாழ்த்துவதா என்று தென்கலையாரும் வடகலையாரும் நூறாண்டுக்கு மேலாகக் கோர்ட்டு ஏறி வந்திருக்கின்றார்கள். 2022 மே மாதத்தில் சென்னை ஐகோர்ட்டு, முதலில் தென்கலை, பிறகு வடகலை என்று வரிசையே வகுத்துக் கொடுத்தது. அதன் பின்னும் வீதியில் கைகலப்பு, நடுவில் போலீஸ்! சில விநாடியில் முடியும் சுலோகத்திற்கா இத்தனை பாடு?

நிற்க. இவர்கள் பாடப் போட்டியிடும் நம்மாழ்வார் வேளாளர். இதே பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி வைசியர். நாம் சொல்லவில்லை, வைணவ மரபே சொல்லுகின்றது. அப்படியானால் தறியில் பட்டு நெய்யும் நம் தோழர் இவ்விரு கோஷ்டியில் எதில் உட்காரலாம்? இதற்காக இரு கட்சியாரும் ஒருநாளாவது கோர்ட்டு ஏறியதுண்டா என்று கேட்கின்றோம்.