சித்த மருந்து சாப்பிடுறீங்களா? மயக்க டாக்டரிடம் மறைக்காதீங்க!

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றதும் என்ன செய்கிறோம்? 'சர்ஜன் யாரு, கைராசிக்காரரா?' என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். ரூம் வாடகை எவ்வளவு, இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்கிறோம். காலண்டரைப் புரட்டி நல்ல நாள்கூடப் பார்க்கிறோம். ஆனால், 'மயக்க மருந்து கொடுக்கப்போறது யாரு? அவரை முன்னாடியே பார்க்க முடியுமா?' என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. என்னிடம் மாதக்கணக்கில் சூரணமும் லேகியமும் சாப்பிட்டு வருகிறவர்கள் ஆபரேஷனுக்குப் போகும்போது, அந்த விஷயத்தை மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்த ஓர் அம்மாவிடம், "உங்க மயக்க டாக்டர்கிட்ட என் மருந்தைப் பத்திச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ, சொன்னா திட்டுவாங்க டாக்டர்! இது மூலிகைதானே, என்ன பண்ணிடப் போவுது?" என்றார். இந்தப் பேச்சுதான் ஆபத்து.

ஏன் என்று புரிய வேண்டுமானால், மயக்க மருத்துவர் என்ன செய்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். 'ஒரு ஊசி போட்டுட்டுப் போயிடுவார்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அதற்கு மேல் இதற்கென்றே இரண்டு மூன்று வருஷம் படித்துவிட்டு வருகிறவர் அவர். முழு மயக்கத்தில் அவருக்கு மூன்று வேலை. உங்கள் நினைவை நிறுத்துவது, வலி தெரியாமல் செய்வது, சர்ஜன் வேலை செய்ய வசதியாகத் தசைகளைத் தளர்த்துவது. தசை தளர்ந்தால் மூச்சு விடும் தசையும் தளரும் அல்லவா? அதனால் குழாய் வைத்து, மெஷின் மூலம் உங்களுக்காக அவரே மூச்சு விடவைக்கிறார். ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் ஆபரேஷன் முடிகிறவரை பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறார். 2020-ல் கொரோனா வந்தபோது விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு கிளிப், அது இந்த டாக்டர்கள் பல காலமாக நம்பியிருக்கும் கருவிதான். நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்வது அதற்காகத்தான்.

இடுப்புக்குக் கீழே ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசி. 'அதைப் போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி' என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி போகிறது. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். உடனே டாக்டரிடம் சொன்னால் அதற்கு வைத்தியம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. பிள்ளையைத் தூக்கி இறக்குவதும், குனிந்தபடியே பால் கொடுப்பதும், வலுவிழந்த வயிற்றுத் தசையும்தான். பாவம், பழி ஊசி மேல்!

அடுத்தது பட்டினி. மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர் பிரசவ கேஸ்களை வைத்து 1946-லேயே இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். இன்று பொதுவாகப் பின்பற்றுகிற கணக்கு இது: இட்லி போன்ற லேசான உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், பிரியாணி வகைக்கு 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். 'குழந்தை பசியில வாடுதே' என்று பாட்டி யாருக்கும் தெரியாமல் அரை டம்ளர் பால் கொடுத்துவிடுவார். பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். அது சாப்பாட்டுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு அல்ல! விடிகாலையில் தேனில் குழைத்துச் சாப்பிடும் சூரணமும் அப்படித்தான். கொடுத்துவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்போது நம் மருந்துகளுக்கு வருகிறேன்.

'மூலிகைதானே' என்று சொல்வது சித்த மருத்துவத்துக்குப் பெருமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அவமானமாகத்தான் படுகிறது. உடம்பில் ஒன்றுமே செய்யாத பொருளை மருந்து என்று எதற்குக் கொடுக்க வேண்டும்? சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் காலங்காலமாகக் கொடுத்து வருவது. அதிலிருந்து 1952-ல் ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்து உலகமெங்கும் பி.பி. மாத்திரையாக விற்றார்கள். கொஞ்ச காலத்திலேயே, அதைச் சாப்பிட்டவர்களுக்கு மயக்கத்தின்போது பி.பி. தடாலென்று இறங்கலாம் என்று மயக்க மருத்துவர்கள் எச்சரிக்கத் தொடங்கினார்கள். பி.பி.யை ஏற்றுகிற சில ஊசிகளும் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. மாத்திரையாகத் தின்றாலும் வேராகத் தின்றாலும் உடம்புக்கு ஒன்றுதானே?

அமுக்கரா தூக்கத்தைத் தரும். மயக்க மருந்தோடு சேர்ந்தால் அந்தத் தூக்கம் கூடலாம். அதிமதுரத்தை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் பி.பி. ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைப்பது. பட்டினி வயிற்றோடு இருக்கும்போது, சுகர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் சர்க்கரை ரொம்பவே இறங்கிவிடும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் இவற்றின் சத்தை மாத்திரையாக விற்கிறார்களே, அவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். ரசத்தில் போடுகிற பூண்டைப் பற்றி நான் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்!

முழு மயக்கத்தில் செய்ததாகப் பதிவாகியிருக்கும் மிகப் பழைய ஆபரேஷன்களில் ஒன்றைச் செய்தவர் யார் தெரியுமா? ஜப்பானைச் சேர்ந்த ஹனஓகா செய்ஷு என்பவர். அந்த நாட்டுப் பாரம்பரிய வைத்தியத்தையும் ஐரோப்பிய அறுவை முறையையும் சேர்த்துப் படித்தவர். 1804-ல் ஒரு மூதாட்டிக்கு மூலிகைக் கஷாயம் கொடுத்து, நினைவிழக்கச் செய்து, மார்பகப் புற்றுக் கட்டியை அகற்றினார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரைக் காட்டியது 1846-ல்தான். ஹனஓகாவின் கஷாயத்தில் முக்கியச் சரக்கு என்ன? ஊமத்தையும் நாபி இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கும்! இரண்டும் நமக்குப் பழக்கமானவையே. அளவு பிடிபட அவருக்குப் பல வருஷம் ஆனது. அந்தச் சோதனைக்குத் தன்னையே கொடுத்த அவர் மனைவி பார்வையை இழந்தார் என்கிறது வரலாறு. பச்சிலைக்கு அவ்வளவு வலு உண்டு. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவிய குராரே என்ற கொடிச் சாற்றின் சத்தைத்தான் 1942-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் தசை தளர்த்தும் மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அப்படியிருக்க, நோயாளி ஏன் மறைக்கிறார்? குற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது. எங்கள் ஆட்களில் சிலர் பேப்பரில் பொடியை மடித்துக் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் பரம்பரை ரகசியம்" என்பார்கள். நீங்கள் விழுங்குகிற மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இல்லையா? எழுதித் தராத வைத்தியரிடம் மருந்து வாங்காதீர்கள் என்பேன். இதற்காக என் நண்பர்களே என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அந்தப் பக்கத்து டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "நாட்டு மருந்தா? முதல்ல அதைக் குப்பையில போடு" என்று ஒரு தடவை எரிந்து விழுந்தால், அடுத்த தடவை அந்த நோயாளி வாயே திறக்க மாட்டார். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும். நம் ஜனங்களுக்கு லேகியம் மருந்தே அல்ல, சத்துப் பொருள்! "லேகியம், கஷாயம், பொடி, பஸ்பம் ஏதாவது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், பட்டியல் நீளும்.

ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேச வேண்டும். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு பதில் சொல்கிற விஷயம் அல்ல இது. முன்பு மயக்கம் கொடுத்தபோது சிரமம் ஏதாவது வந்ததா, ஆடுகிற பல் உண்டா, பலத்த குறட்டை, ஆஸ்துமா உண்டா, சிகரெட், மது, புகையிலை உண்டா... எதையும் விடாதீர்கள். 'ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரலையாம், மெஷின்ல வெச்சிருந்தாங்களாம்' என்று குடும்பத்தில் ஒரு கதை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முறிய வேண்டிய ஒரு தசை தளர்த்தும் மருந்து சிலருக்கு மணிக்கணக்கில் முறியாது. அது பரம்பரையாக வருவது. ஆரிய வைசியக் குடும்பங்களில் இது கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

மூலிகை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது மயக்க மருத்துவர்கள் பலரின் வழக்கம். எனக்கும் அதில் சம்மதமே. ஆனால் பி.பி., சுகர், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது போன்றவற்றை, அது எந்த வைத்திய மருந்தானாலும் சரி, நீங்களாக நிறுத்தக் கூடாது. எதை நிறுத்துவது, எதை அன்று காலையில்கூட ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவது என்பதை டாக்டர்கள் பேசி முடிவு செய்யட்டும். எனக்குப் போன் செய்யச் சொல்லி என் நோயாளிகளிடம் சீட்டு கொடுத்து அனுப்புகிறேன். சில மயக்க டாக்டர்கள் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

விபத்து, குடல்வால் என்று திடீரென ஆபரேஷன் வந்தால் இரண்டு வாரத்துக்கு எங்கே போவது? அப்போது வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அலமாரியில் இருக்கும் லேகிய டப்பா, சூரண பாட்டில், பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போய்விடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, மயக்க டாக்டர் கையில் கொடுங்கள்.