தகரச் சத்தத்துக்கும் சுருதி உண்டு!

ராசிபுரத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார்: "என் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டே திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிக்கிறான். ஆடி மாதத்துக்குள் 'ரிங் மாடுலேட்டர்' என்று ஒரு பெடல் வேண்டுமாம். அதன் சத்தத்தை போனில் போட்டுக் காட்டினான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டுவதுபோல இருக்கிறது. இதற்குப் பணம் தரலாமா? வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்."

ஐயா, உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. அது தகரச் சத்தம்தான். ஆனால், அது ஏன் அப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால், அதே பெடலைப் பாட்டுக்குள் பொருந்தவும் வைக்கலாம். பணம் தருவதா வேண்டாமா என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

கூட்டலும் கழித்தலும்

ரிங் மாடுலேட்டர் செய்வது பள்ளிக்கூடக் கணக்கு. அதற்குள் இரண்டு ஒலிகள் போகும். ஒன்று, கிடாரிலிருந்து வருவது. இன்னொன்று, பெடலுக்குள்ளேயே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுரம். இதை 'கேரியர்' என்பார்கள். வெளியே வரும்போது இந்த இரண்டுமே இருக்காது. இரண்டையும் கூட்டினால் வருவதும் கழித்தால் வருவதும்தான் இருக்கும். விநாடிக்கு 440 அதிர்வுள்ள சுரத்தை வாசித்து, கேரியரை 100-ல் வைத்தால், காதில் விழுவது 540-ம் 340-ம். சின்தசைசரில் கிடாருக்குப் பதில், உள்ளே இருக்கும் இரண்டு ஆசிலேட்டர்களையே இப்படி மோதவிடுவார்கள்.

சரி, தகரம் எங்கிருந்து வந்தது? கிடார் கம்பியைத் தட்டினால் ஒரே ஒரு அதிர்வு வருவதில்லை. 220 என்றால் கூடவே 440, 660 என்று அதன் மடங்குகளும் வரும். இந்த ஒழுங்கைத்தான் காது 'சுரம்' என்று எடுத்துக்கொள்கிறது. தகரம், தாம்பாளம், மணி போன்றவற்றில் அந்த ஒழுங்கு கிடையாது. கேரியரை 90-ல் வைத்துப் பாருங்கள். 220 உடைந்து 310, 130 ஆகிறது. 440 உடைந்து 530, 350 ஆகிறது. 660 உடைந்து 750, 570 ஆகிறது. மடங்கு வரிசை கலைந்துவிட்டது. கம்பி, உலோகத் தகடாக மாறிவிட்டது!

டெலிபோன் கொடுத்த கருவி

இந்தச் சுற்று இசைக்காகப் பிறந்ததே இல்லை. 1930-களில், ஒரே கம்பியில் பல தொலைபேசிப் பேச்சுகளை அனுப்ப அமெரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தியது. ஒவ்வொரு பேச்சையும் வேறு வேறு அதிர்வெண்ணுக்கு நகர்த்தி அனுப்பி, மறுமுனையில் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். நான்கு டையோடுகளை வளையமாக இணைத்ததால் 'ரிங்' என்று பெயர். மணிச் சத்தத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு கலைஞர்கள் கையில் சிக்கியது. 1963-ல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த டாலெக் இயந்திரங்களின் கரகர குரல் இதன் வேலைதான். 1970-ல் பிளாக் சாபத் குழுவின் 'பாரனாய்டு' பாட்டில், டோனி அயோமியின் கிடார் சோலோ ஒரு பக்க ஸ்பீக்கரில் இயல்பாகவும், மறுபக்கம் ரிங் மாடுலேட்டர் வழியாகவும் வரும். உங்கள் மகனுக்கு ஹெட்போனில் கேட்கக் கொடுங்கள்.

"இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்" என்று தள்ளிவிட வேண்டாம். சின்தசைசர் இந்தியாவுக்கு 1969-லேயே வந்துவிட்டது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசருடன் ஓர் இசைக்கூடத்தை அமைத்துத் தந்தார். பக்வாஜ் வாசித்த கீதா சாராபாய் உள்ளிட்ட நம்மவர்கள் 1972 வரை அங்கே பதிவுகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் அரை நூற்றாண்டு கழித்து, 2023-ல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

ஸ-வில் நிறுத்துங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேரியரை ஏதோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு வாசித்தால், பாட்டு மேலே போகும்போது பெடலிலிருந்து வரும் ஒலி கீழே இறங்கக்கூடும். கேரியர் 300 என்றால், 200-ஐ வாசிக்கும்போது கழித்தல் 100. வாசிப்பு 250-க்கு ஏறினால் கழித்தல் 50-க்கு இறங்கிவிடும். கீழே நின்று கேட்பவருக்கு, "பையன் தப்பாக வாசிக்கிறான்" என்றுதான் தோன்றும்.

அதே கேரியரைப் பாட்டின் ஆதார ஷட்ஜத்தில் நிறுத்திப் பாருங்கள். கணக்குக்காக ஸ 240 என்று வைத்துக்கொள்வோம்.

ப வாசித்தால் 360. கூட்டினால் 600, அது மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம். கழித்தால் 120, அது கீழ்ஸ்தாயி ஸ.

மேல் ஸ வாசித்தால் 480. கூட்டினால் 720, மேல் ப. கழித்தால் 240, ஸ-வேதான்.

த வாசித்தால் 400. கூட்டினால் 640, கழித்தால் 160. இரண்டுமே மத்யமம்!

ஒரு சுரத்தை மீட்டினால், அதே சுருதியில் வேறு இரண்டு சுரங்கள் துணைக்கு வருகின்றன. எல்லாச் சுரங்களும் இவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்ளாது. காகலி நிஷாதத்தை, அதாவது 450-ஐ வாசித்தால் 690-ம் 210-ம் வரும். இரண்டும் எந்தச் சுரத்திலும் ஒட்டாது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்காமல் கடந்து போகவேண்டும் என்று தெரிந்து வாசிப்பதில்தான் வித்தை இருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனும் 1970-ல் 'மந்த்ரா' என்ற படைப்பில் இரண்டு பியானோக்களை ரிங் மாடுலேட்டர் வழியே அனுப்பியபோது, பகுதிக்குப் பகுதி கேரியரை ஓர் ஆதார சுரத்தில்தான் நிறுத்தினார்.

மேடைக்கு முன் பழக வேண்டியவை

• கேரியரின் வேகத்தைப் பொறுத்து மூன்று குணங்கள். 5 அதிர்வு அளவில் வைத்தால் ஒலி அலை அலையாக நடுங்கும். 30-ஐ ஒட்டினால் இயந்திரக் குரல். 100-க்கு மேல் போனால் மணியும் தகரமும்.

• பெடல் குமிழில் எண் சரியாக இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஸ-வை விடாமல் மீட்டிக்கொண்டே குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். ஒலியில் ஓர் அலைவு கேட்கும். அது மெதுவாகி நிற்கும் இடம்தான் சுருதி சேர்ந்த இடம்.

• பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாறும். ஒரு கட்டைக்கு 262, ஐந்து கட்டைக்கு 392. குமிழையும் மாற்றவேண்டும்.

• கார்டு வேண்டாம், ஒற்றைச் சுரமாக வாசிக்கவேண்டும். டிஸ்டார்ஷன் போட்டு உள்ளே அனுப்பினால் கூழாகிவிடும். டோன் குமிழைக் குறைத்தால் தெளிவு கூடும்.

• இயல்பான கிடார் ஒலியையும் பாதியாவது கலந்துவிட வேண்டும். பாட்டின் மெட்டை அதுதான் காப்பாற்றும்.

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா ஆனாலும், உங்கள் ஊர்க் கோயில் நோன்பி ஆனாலும், கூட்டம் வருவது தெரிந்த பாட்டைத் தெரிந்தபடி கேட்கத்தான். பல்லவி, சரணத்தில் இந்தப் பெடலுக்கு வேலை இல்லை. பாட்டு தொடங்கும் முன் பத்து விநாடி, திகில் பின்னணி, ரோபோ வரும் காட்சி என்று நிகழ்ச்சிக்கு இரண்டு இடம் கிடைத்தால் அதிகம். இதை மகனிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். மேடையில் நிற்பவனுக்குப் புரியும்.

எனவே, இப்போதே பெடல் வாங்கவேண்டாம். ரிங் மாடுலேட்டருக்குக் கணினியில் ஓடும் இலவச மென்பொருள்கள் உண்டு. குழுவின் கீபோர்டில்கூட அந்த எஃபெக்ட் இருக்கலாம், தேடிப் பார்க்கட்டும். ஒரு மாதம் பழகட்டும். பிறகு ஒரு நாள் மாலை, சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, "கேரியரை ஸ-வில் வைத்து ப வாசிடா" என்று கேளுங்கள். சுருதி சேர்ந்து வந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அப்போதும் தகரமாகவே கேட்டால், அடுத்த ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.