மீன்தொட்டியும் ஒரு குளமே

மாணவர்களே! மீன்தொட்டியை அழகுப் பொருளாக மட்டும் கருதுவது தவறு என்பது என் கருத்து. சென்ற ஆண்டு நம் வகுப்பறைத் தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீன்களை விட்டோம். ஒரு வாரத்திற்குள் அவை இறந்தன. அது நம் அவசரத்தின் விளைவு.

மீன்களின் கழிவால் நீரில் அம்மோனியா என்னும் நச்சு சேர்கிறது. நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை நீர்த்தாவரங்கள் உரமாகக் கொள்கின்றன. இந்நுண்ணுயிரிகள் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் வேண்டும்.

ஆதலால் இவ்வாண்டு மணல் பரப்பி, வேலம்பாசி நட்டு, நாள்தோறும் சிறிதளவு மீனுணவை மட்டும் இட்டுக் காத்திருந்தோம். அதன்பின் விட்ட கப்பி மீன்கள் இன்று நலமாக உள்ளன. வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டுமே மாற்றுகிறோம். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் நுண்ணுயிரிகள் அழியும்.

தொட்டியில் அடைப்பதே கொடுமை என்பர் சிலர். பேணத் தெரியாமல் அடைப்பதே கொடுமை. கப்பி குட்டி ஈன்று விரைவில் பெருகும். பெருகியவற்றை ஏரியில் விடுவதும் கருணையன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன், நம் நாட்டுச் சிறுமீன்களின் இரைக்கும் இடத்திற்கும் போட்டியாகும். எனவே பேண இயலும் அளவே வளர்ப்போம். வளர்க்கும் உயிருக்கு நாமே பொறுப்பு.