யாருடைய கோப்பை? யாருடைய சோறு?

நாகரிகப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு புதிய பாடம் சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் ஒயின் ருசி பார்த்தல். பெரிய நட்சத்திர ஓட்டல்களில் இந்தப் பாடம் நடக்கிறது. வெள்ளைத் துணி விரித்த மேஜை. நீண்ட காம்புள்ள கண்ணாடிக் கோப்பைகள். பக்கத்தில் பாலாடைக் கட்டி, ஆலிவ் காய், வறுத்த இறைச்சித் துண்டு. கற்றுக்கொடுக்க ஒரு நிபுணர். முதலில் நிறத்தைப் பார்க்கவேண்டும். பிறகு கோப்பையைச் சுழற்றி மோந்து பார்க்கவேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டவேண்டும். கடைசியில், அதைப் பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பிவிடலாம்!

எந்த ஒயினுக்கு எந்தத் தீனி என்பதற்கும் அங்கே சாஸ்திரம் உண்டு. புளிப்புள்ள வெள்ளை ஒயினுக்கு மீன். துவர்ப்புள்ள சிவப்பு ஒயினுக்குக் கொழுத்த இறைச்சி. அந்தத் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு சேர்ந்து வாயில் மட்டுப்படும். காரமான பண்டத்துக்குச் சற்று இனிப்பான ஒயின். லேசானதை முதலில், கனமானதைப் பின்னால். இதெல்லாம் பொய்யல்ல, பல தலைமுறை அனுபவத்தில் விளைந்த அறிவுதான். ஒருவர் தம் நாக்கைப் பழக்கிக்கொள்வதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. அதைக் கேட்பதற்கு நட்சத்திர ஓட்டலை விட்டுத் தாம்பரத்துக்கு வரவேண்டும்.

நம் ஊர் ஒயின் ஷாப்

தாம்பரத்திலும், குரோம்பேட்டையிலும், பல்லாவரத்திலும், பெருங்களத்தூரிலும் 'ஒயின் ஷாப்' என்றால் குழந்தைக்கும் தெரியும். அங்கே மிகக் குறைவாக விற்பது ஒயின்தான்! விற்பதெல்லாம் பிராந்தி, ரம், விஸ்கி, பீர். கடைக்கு முன்னால் இரும்புக் கம்பி வலை. வலையில் ஒரு சிறு பொந்து. பொந்துக்குள் பணம் போகிறது. பாட்டில் வெளியே வருகிறது. நிறம் பார்க்கவும் மோந்து பார்க்கவும் யாருக்கு நேரம்? பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்கிறார்.

மாலை மின்சார ரயிலில் வந்து இறங்கும் கட்டிடத் தொழிலாளி, ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்டு முடித்துவரும் ஒப்பந்தத் தொழிலாளி, மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர் — இவர்கள்தான் அந்த வரிசையில் நிற்கிறார்கள். முழுக் குவார்ட்டருக்குக் காசில்லாதவர்கள் இருவராகச் சேர்ந்து 'கட்டிங்' போடுகிறார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள்கூடப் பாதிப் பாதிப் பணம் போட்டு ஒரே பாட்டிலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நமது நாட்டில் சமத்துவம் இந்த ஓரிடத்தில்தான் இவ்வளவு சுலபமாக அமலாகிறது!

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ருசி பார்ப்பவர் ஆறு வகை ஒயினை, வகைக்கு 30 மில்லி வீதம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 மில்லி. அது நம் குவார்ட்டரின் அளவு. ஒயினில் சாராயச் சத்து சுமார் 13 சதவிகிதம். ஆகவே எல்லாவற்றையும் விழுங்கினாலும் அவர் உடம்பில் சேர்வது சுமார் 23 மில்லி. அதையும் அவர் துப்பிவிடக்கூடும். நம் குவார்ட்டரிலோ 42.8 சதவிகிதம். உள்ளே போவது 77 மில்லி. மூன்று பங்குக்கும் மேல்! அதுவும் பத்து நிமிஷத்தில், வெறும் வயிற்றில், நின்றபடியே. ஒருவருக்கு நாக்கின் விளையாட்டாக இருப்பது மற்றவருக்குக் கல்லீரலின் சாவாக முடிகிறது.

'அவனுக்குக் குடிக்கத் தெரியவில்லை' என்று சில கனவான்கள் சொல்வார்கள். பத்து மணி நேரம் வெயிலில் கம்பி கட்டியவனுக்கு உடம்பு நோவு மறக்கவேண்டும். அவன் வாங்குவது ருசியை அல்ல, மறதியை. 1845-லேயே இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையைப் பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், குடியைத் தொழிலாளியின் பிறவிக் குணமாகப் பார்க்காமல், அவனை வதைக்கும் வேலையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் அதன் வேரைக் காட்டினார். அந்த வேர் இன்னும் அறுபடவில்லை.

தீனியின் கதை

இங்கேயும் தீனிப் பொருத்தம் உண்டு. கடையை ஒட்டிய பாரில் சுண்டல், அவித்த முட்டை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, வறுத்த நெத்திலி, பாக்கெட் ஊறுகாய். இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். இந்தப் பார்களுக்கு விடப்பட்டுவந்த டெண்டரே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் பொறுக்கவும்தான்! சுண்டலின் பேரால் ஏலம். சாராயத்தின் பேரால் வியாபாரம். டாஸ்மாக் பார் நடத்தச் சட்டத்தில் இடமில்லை, ஆறு மாதத்தில் மூடவேண்டும் என்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அப்படியும் பார்கள் மூடப்படவில்லை.

ஆனால் உண்மையான தீனிக் கணக்கு பாரில் இல்லை, வீட்டில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் விலை ஏறியபோது சாதாரண ரகக் குவார்ட்டர் ரூ. 140 ஆயிற்று. மாதம் 26 நாள் வேலை செய்து தினம் ஒன்று வாங்கினால் ரூ. 3,640. அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் பிடுங்குகிறார்கள் என்ற பரவலான புகாரையும், சுண்டல் முட்டையையும் இதில் நாம் சேர்க்கவில்லை. அந்த 3,640 ரூபாய், வீட்டுக்காரி வாங்க நினைத்த பருப்பு. பிள்ளைக்கு ஊற்றவேண்டிய பால். மகளின் பள்ளிப் புத்தகம். மேல்நாட்டு நிபுணர் ஒயினுக்கு இறைச்சியைச் சேர்க்கிறார். நம் ஊர்க் குவார்ட்டரோ சோற்றையே தின்றுவிடுகிறது.

கஜானாவின் போதை

குடித்துத் தள்ளாடுபவனைப் போலீஸ் பிடிக்கிறது. கஜானா தள்ளாடினால் யார் பிடிப்பது? 2024-25-இல் மதுவிற்பனையின் மூலம் தமிழ்நாட்டு சர்க்காருக்கு வந்த வருமானம் ரூ. 48,344 கோடி. அதற்கு முந்திய ஆண்டில் ரூ. 45,855 கோடி. நாளொன்றுக்கு ரூ. 130 கோடிக்கு மேல்!

இந்தப் போதைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளு வருமானம் போய்விட்டதே, என்ன செய்வது? 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. அதாவது, குடியை நிறுத்தியதால் விழுந்த துண்டை நிரப்ப ஜனங்கள் தலையில் ஒரு வரி. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் திரும்பவும் கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. குடி திரும்பி வந்ததே, விற்பனை வரி போயிற்றா? போகவில்லை! இன்று ஜி.எஸ்.டி. என்ற பெயரில் சோப்புக்கும் கட்டுகிறோம். குவார்ட்டருக்குத் தனி வரியாகவும் கட்டுகிறோம். மூடியதற்கு ஒரு வரி, திறந்ததற்கு ஒரு வரி. இரண்டையும் கொடுப்பவன் ஒரே ஏழைதான்.

ஜார் காலத்து ருஷ்யாவிலும் இதே நாடகம் நடந்தது. 1890-களில் நிதி மந்திரி விட்டே வோட்காவைச் சர்க்கார் ஏகபோகமாக்கினார். வருமானம் பெருகிற்று. கடைசியில் அந்த நாட்டு மக்களே அதற்குக் 'குடிகார பட்ஜெட்' என்று பேர் வைத்தார்கள். குடியால் நடக்கும் சர்க்கார் குடியை நிறுத்தாது என்பதற்கு அது பழைய சாட்சி.

சாதாரணக் கடை ஏழைக்கு. பணக்காரருக்கு 'எலைட்' கடை. குளிர்சாதனம், கண்ணாடி அலமாரி, வெளிநாட்டு ஒயின். வலைக் கம்பி கிடையாது. 2023 ஏப்ரலில் கோயம்பேட்டு மால் ஒன்றில் பாட்டில் வழங்கும் இயந்திரமே வைக்கப்பட்டது. அதே மாதத்தில், கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு மைதானத்திலும் மது பரிமாற லைசென்சு தரலாம் என்று உத்தரவு வந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கல்யாண மண்டபம் அதிலிருந்து விலக்கப்பட்டது. மேலிருந்து சலுகைகளும் குறைவில்லை. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் விலை உயர்ந்த ஒயினுக்கு இறக்குமதி வரி வெட்டப்பட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் ஸ்காட்ச் விஸ்கியின் வரி 150 சதவிகிதத்திலிருந்து உடனே 75, பத்தாண்டில் 40 என்று எழுதப்பட்டது. சீமை விஸ்கிக்கு வரி குறைகிறது; கூலிக்காரனின் குவார்ட்டருக்கு விலை ஏறுகிறது! இது எந்த ஊர் நியாயம்?

திராட்சைக்குப் பின்னால் இருப்பவன்

'ஒயின் வளர்ந்தால் விவசாயி வாழ்வான்' என்று ஒரு வாதம் உண்டு. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர மந்திரிசபை சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாமென்று முடிவெடுத்தபோது இதைத்தான் சொன்னது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் திராட்சைக்கு நியாய விலையும், குளிர்பதனக் கிடங்கும், மழையில் அழிந்தால் நஷ்ட ஈடும் தராமல், ஒயின் கம்பெனியைக் காட்டி விவசாயியை ஏய்க்கக்கூடாது.

ஒயினின் தாய்நாட்டு அனுபவம் என்ன? ஜெர்மனியில் மோசல் நதிக்கரைத் திராட்சைக் குடியானவர்கள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். அதிகாரிகளோ 'மிகைப்படுத்துகிறார்கள்' என்றார்கள். 1843 ஜனவரியில், 24 வயது மார்க்ஸ் கொலோன் நகரப் பத்திரிகையில் ஆதாரங்களோடு அந்தப் பொய்யை உடைத்தார். பொருளாதாரப் பிரச்சினைகளின் பக்கம் மார்க்சைத் திருப்பியவற்றுள் அந்த ஆராய்ச்சியும் ஒன்று என்று ஏங்கெல்ஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1907-இல் தெற்குப் பிரான்சில், கலப்பட ஒயினால் விலை வீழ்ந்து லட்சக்கணக்கான திராட்சைக் குடியானவர்கள் வீதிக்கு வந்தார்கள். நார்போன் நகரில் பட்டாளம் சுட்டது, பலர் மாண்டார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்ட 17-வது ரெஜிமெண்டு துப்பாக்கியோடு கலகம் செய்து மக்கள் பக்கம் நின்றது. கோப்பையைச் சுழற்றி மணத்தைப் பாராட்டுபவர்கள் இந்த வியர்வையின் வாடையையும் ஒரு முறை மோந்து பார்க்கட்டும்!

நம் பனையேறியின் கதை இன்னும் கேவலம். 1987-லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறது; கப்பையும் மீன் கறியும் சேர்ந்து அதற்குப் பேர் போன தீனி; கள்ளுத் தொழிலாளிக்கு 1969-இலேயே சேமநிதிச் சட்டம். இங்கே பனையேறி கலயத்தோடு போனால் குற்றவாளி. ஆலை முதலாளி லாரியோடு போனால் கனவான். கள் குடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் கண் யாரைப் பார்த்துச் சிவக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

வலைக்குப் பின்னால் நிற்பவன்

கடைக்குள் நிற்பவனும் தொழிலாளிதான். 23,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், 2003-லிருந்து தொகுப்பூதியத்தில் உழல்கிறார்கள். சர்க்காருக்குக் கோடிகளை எண்ணிக் கொடுப்பவர்களுக்குக் காலமுறைச் சம்பளம் இல்லை. இரவில் பணத்தோடு வீடு திரும்பும்போது உயிருக்கும் உத்தரவாதமில்லை. 2021 அக்டோபரில் ஒரகடம் அருகே ஒரு விற்பனையாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. மலைக்கும் காட்டுக்கும் நல்ல திட்டம். ஆனால் அந்தச் சுமையும் ஆள் கூட்டாமல் இவர்கள் தலையில்தான். குடிக்கு எதிரான கோபத்தை இந்த ஊழியர் மேல் காட்டுவது பிசகு.

மூடினால் என்ன ஆகும்?

'கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்' என்று பயமுறுத்துகிறார்கள். 2023 மே மாதத்தில் நமது செங்கல்பட்டு மாவட்டத்திலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தில் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். அப்போது கடைகள் மூடியா கிடந்தன? எல்லாம் திறந்துதான் இருந்தன! கடை விலை எட்டாத பரம ஏழை மெத்தனால் வியாபாரியிடம் போனான். அந்த வியாபாரியை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். கள்ளச்சாராயத்தைத் தடுப்பது போலீசின் கடமை. அதற்குக் கடையைச் சாக்குச் சொல்லவேண்டாம்.

ஒரே நாளில் எல்லாம் மாறும் என்று நாமும் சொல்லவில்லை. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500, 500 என்று கடைகள் மூடப்பட்டன. வருமானம் மட்டும் குறையவில்லை. ஆகவே எண்ணிக்கை வித்தை போதாது. குடியிருப்பு, பள்ளி, கோயில், மருத்துவமனை ஓரத்துக் கடைகளை முதலில் எடு! வார்டு மக்களும் கிராம சபையும் வேண்டாமென்று தீர்மானித்த இடத்தில் கடை வைக்காதே! படிப்படியாக மூடுவதற்குத் தேதி போட்ட திட்டத்தைச் சட்டசபையில் வை! அந்த வருமானத்துக்குப் பதில் பெரும் சொத்துக்காரர்களிடம் வரி கேள்! ஊழியர்களை நிரந்தரமாக்கி வேறு துறைகளில் வேலை கொடு! குரோம்பேட்டை உள்பட ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் குடிநோய்க்குத் தனி வார்டும் டாக்டரும் ஏற்படுத்து!

இவை தானாக வரமாட்டா. 2015 ஜூலை 31-ஆம் தேதி, கடையை அகற்றக் கோரி மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரைக் கொடுத்தார். 2017 ஏப்ரலில், நெடுஞ்சாலைக் கடைகள் கோர்ட்டு உத்தரவால் மூடப்பட்டு ஊருக்குள் நுழைந்தபோது, சாமளாபுரத்து மாதர்கள் சாலையில் அமர்ந்தார்கள், போலீஸ் அதிகாரியின் கை ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுந்தது, நாடே பார்த்தது. அந்த மாதர்களுக்கு ஒயின் சாஸ்திரம் தெரியாது. எந்தக் கோப்பை நிறையும்போது எந்தத் தட்டு காலியாகிறது என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாம்பரம் வட்டாரத்துத் தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் வாலிபர்களும் அவர்களோடு கைகோத்து நிற்கவேண்டிய வேளை இது.